விடை அழகாக வந்தால் சரி என்று அர்த்தமில்லை: இரு மாறிச் சமன்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம் தொடங்கியதும் மதுரை டியூஷன் நோட்டுகளில் வருஷா வருஷம் அதே தவறுகள்தான். வாய்ப்பாடு தப்புவதை விட்டுவிடலாம், அது தானே சரியாகும். கீழே ம, ப என்பவை மாறிகள்; எக்ஸ், ஒய் என்று படித்துக்கொண்டாலும் ஒன்றுதான்.

கழிக்கும்போது முதல் உறுப்போடு நின்றுவிடுவது

2ம − 3ப = 8
2ம + ப = 16

மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும். 2ம அடிபட்டதும் கை அடுத்த குறியை மாற்ற மறக்கிறது. −3ப − ப என்பதற்குப் பதில் −3ப + ப போட்டு, −2ப = −8, ப = 4 என்கிறார்கள். முதல் சமன்பாட்டில் பிரதியிட்டால் ம = 10. வலப்பக்கத்தில் மட்டும் 8 − 16 = −8 என்று ஒழுங்காகக் கழித்திருப்பார்கள், அதுதான் எரிச்சல்!

பின்னம் வந்திருந்தாலாவது சந்தேகம் தட்டும். இங்கே முழு எண். "சரிபார்த்தேன் சார்" என்று 20 − 12 = 8 காட்டுவார்கள். ம கண்டுபிடித்த அதே சமன்பாட்டில் திரும்பப் போட்டால் சரியாக வராமல் என்ன செய்யும்? இன்னொன்றில் போடுங்கள்: 20 + 4 = 24. வர வேண்டியது 16.

கழிக்கவே வேண்டாம். இரண்டாவதை −1ஆல் பெருக்கி, மூன்று உறுப்புகளையும் புது வரியில் எழுதுங்கள்: −2ம − ப = −16. இப்போது கூட்டினால் −4ப = −8; ப = 2, ம = 7. இரண்டாவதில் 14 + 2 = 16. அடியில் வட்டம் போட்டுக் குறி மாற்றுகிறவர்கள், மூன்று வட்டமும் விழுந்த பிறகே அடுத்த வரிக்குப் போகட்டும்.

"200 ரூபாய் கூட"

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி, கிலோவுக்குப் பிச்சியைவிட 200 ரூபாய் கூட. 2 கிலோ மல்லியும் 3 கிலோ பிச்சியும் சேர்ந்து 2900 ரூபாய். ஒரு கிலோ மல்லியின் விலை ம, பிச்சியின் விலை ப. (ம என்றால் மல்லி என்று எழுதுவதும் தப்புதான்.) மல்லியோடு 'கூட' இருப்பதால் ம + 200 = ப என்று போட்டால் மல்லி 460, பிச்சி 660. எழுதிய இரண்டு சமன்பாட்டிலும் இது பொருந்தும், ஆகவே அங்கே போட்டுப் பார்த்துப் பயனில்லை. கேள்வியைப் படியுங்கள்: எது விலை கூட? மல்லி. அப்படியானால் ம = ப + 200; மல்லி 700, பிச்சி 500.

கெழுவைச் சமமாக்கும்போது

கெழு என்பது மாறிக்கு முன்னால் நிற்கும் எண். அதைச் சமமாக்கச் சமன்பாட்டைப் பெருக்கும்போது வலப்பக்கத்தையும் பெருக்குங்கள்.

இரண்டு மாறியும் காணாமல் போனால்

விடை பூஜ்ஜியம் அல்ல. 2ம + 3ப = 12, 4ம + 6ப = 24 என்றால் 0 = 0 வரும்; இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை. 24க்குப் பதில் 30 இருந்தால் 0 = 6 வரும்; இணைகோடுகள், தீர்வே இல்லை.

வரைபடம்

கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும்தான். மூன்றாவதையும் குறியுங்கள், மூன்றும் ஒரே கோட்டில் விழாவிட்டால் அட்டவணையில் எங்கோ தப்பு.