விட்பி கடற்கரையில் மீனும் சிப்ஸும்: வாங்கும் முன் கவனிக்க

இங்கிலாந்தில் விட்பி போன்ற கடற்கரை ஊர்களில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும்) வாங்கப் போகிறீர்களா? முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். பொரித்த மீன் அங்கே அடுக்கியிருந்தால் வேண்டாம். மீனிலிருந்து கிளம்பும் நீராவியே மேல்மாவை நனைத்துத் தொளதொளவென்று ஆக்கிவிடும். "புதிதாகப் பொரித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். பத்து நிமிடம் காத்திருப்பது வீண்போகாது.

எண்ணெய் சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கணும். மதிய நெரிசலில் ஒரேயடியாக நிறையப் போட்டால் சூடு இறங்கி, மாவு எண்ணெயைக் குடிக்கும். அதனால் 12 மணிக்கே போய்விடுங்கள். மாவைப் பிட்டுப் பாருங்கள்: அடியில் பசை போல வெள்ளையாக ஒட்டினால் வேகவில்லை, தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். நன்றாக வெந்த ஹேடாக் மீன் சுளை சுளையாகப் பிரியும்.

முக்கியமான ஒன்று: விட்பி இருக்கும் யார்க்‌ஷயரில் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், சிப்ஸும் அதில்தான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்காமல் வாங்காதீர்கள்.

பார்சல் என்றால் மூடியைத் திறந்தே எடுத்துப் போங்கள். வினிகரைச் சாப்பிடும்போது மட்டும் தெளியுங்கள். கடற்காகங்கள் மீது ஒரு கண் இருக்கட்டும், கையிலிருந்தே பறித்துவிடும்.