சங்கம் வைக்கப் போகிறீர்களா? நிர்வாகம் காத்திருப்பது இந்தத் தவறுகளுக்குத்தான்

பத்துப் பேர் டீக்கடையில் நின்று "சங்கம் வைக்கலாமா" என்று பேச ஆரம்பித்த அன்றைக்கே நிர்வாகத்துக்குச் சேதி போய்விடும். அதைத் தடுக்க முடியாது. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றைப் பற்றி: சங்கத்தை உடைக்க முதலாளிகள் எடுக்கும் ஆயுதங்கள் நூறு வருஷமாக ஏறக்குறைய அதேதான், தொழிலாளிகளும் நூறு வருஷமாக அதே இடங்களில்தான் கால் இடறுகிறார்கள்.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளிகள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகளிடம் தங்கள் குறைகளைச் சொல்ல, அவர்கள் அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள், திரு.வி.க.வும் சேர்ந்தார். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. 1920-ல் நிர்வாகம் மில்லை மூடிக் கதவடைப்புச் செய்தது. அப்புறம் கம்பெனி செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது: வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார் என்று வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டு, தடை உத்தரவும் வாங்கியது. கடைசியில் வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகியதும்தான் சமரசம்.

இந்த வழக்கு கிளப்பிய சூட்டில்தான் சங்கங்களுக்குப் பாதுகாப்பாக ஒரு சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது, 1926-ல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மேல், தொழில் தகராறு காரணமாகத் தொழிலாளியை ஒப்பந்தம் மீறத் தூண்டினாய் என்று சிவில் வழக்குப் போட முடியாது என்று அதன் 18-வது பிரிவு சொன்னது. ஆனால் ஒரே ஆள் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிற பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. அந்த ஒருவரை வாங்கிவிட்டால், மாற்றிவிட்டால், வழக்கில் இழுத்துவிட்டால் கதை முடிந்தது. வெளியிலிருந்து அனுபவமுள்ள தலைவர் வருவது நல்லதுதான், சட்டமும் ஓரளவுக்கு அனுமதிக்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு லைனிலும் பேசத் தெரிந்த இரண்டு பேர் இல்லையென்றால் "வெளியாளோடு பேச மாட்டோம்" என்று நிர்வாகம் சொல்லும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

இதைவிடப் பெரிய அடி 1921-ல் விழுந்தது. பக்கிங்ஹாம் மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். கடனும் பசியுமாக இருந்த அவர்களால் மாதக்கணக்கில் கூலியில்லாமல் தாங்க முடியாது, சேரியை மதிக்காத சாதி இந்துக்கள் கூப்பிடும் போராட்டத்தில் நம்பிக்கை வைக்கவும் காரணம் குறைவு. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. வேலைநிறுத்தம் தோற்றது. அவர்களைக் 'கருங்காலிகள்' என்று திட்டுவது சுலபம். வேலைநிறுத்தத்துக்கு முன்னால் அவர்கள் குடிசைக்குப் போய் உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என்னுடைய கேள்வி.

இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள், டிரெய்னிகள், அப்ரண்டிஸ்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள். பர்மனென்ட் ஆட்கள் மட்டும் சங்கம் வைத்துக்கொண்டு, அவர்களை வேறு ஜாதி மாதிரி கேண்டீனில் தள்ளி உட்காரவைத்தால், ஸ்டிரைக் அன்று லைன் அவர்களைக் கொண்டு ஓடும். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவர்களுக்கென்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, பதிவையும் (அரசிடம் சங்கத்தைப் பதிவு செய்வது) அங்கீகாரத்தையும் (நிர்வாகம் அதைப் பேச்சுவார்த்தைக்கு ஏற்பது) ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் மொத்தத் தொழிலாளிகளில் பத்து சதவீதமோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அதுவும் கிடைத்துவிடும் என்று சும்மா இருக்க முடியாது. காஞ்சிபுரம் பக்கம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதல் கோரிக்கையே சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பதுதான். கம்பெனியின் ஆட்சேபம் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்பது. 37 நாள் போராட்டம், உயர் நீதிமன்ற வழக்கு எல்லாம் தாண்டி 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அதே சாம்சங்கின் தலைவர் லீ ஜே-யோங், சங்கமே இல்லாமல் நிர்வாகம் நடத்தும் கொள்கையை இனி விட்டுவிடுவோம் என்று கொரியாவில் 2020 மே மாதம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த மன்னிப்பு சுங்குவார்சத்திரம் வந்துசேரத் தாமதமாகிவிட்டது போல.

பதிவு கிடைத்தால் மட்டும் நிர்வாகம் உங்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்றில்லை. மகாராஷ்டிராவில் 1971-லேயே அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரவேயில்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கத்தை ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. ஆக, நிர்வாகம் இனி உங்களைத் தடுக்க வேண்டியதுகூட இல்லை, இரண்டாவது சங்கம் ஒன்றை முளைக்கவிட்டு உங்களை 51-க்குக் கீழே வைத்தாலே போதும். சந்தா ரசீதும் உறுப்பினர் பதிவேடும் ஒழுங்காக இல்லாத சங்கம் இந்தக் கணக்கில் அடிபடும்.

கமிட்டி விஷயத்துக்கு வருவோம். சங்கத்தை ஏற்காத நிர்வாகம் திடீரென்று "தொழிலாளர் கமிட்டி" வைக்கும், அதில் தனக்குப் பிடித்த ஆட்களை உட்காரவைக்கும், ஒரு தொகையையும் அறிவிக்கும். சாம்சங்கிலும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அக்டோபர் 7 அன்று கமிட்டி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். வெளியே பந்தலில் இருந்தவர்கள் ஏற்கவில்லை. பணத்தைப் பார்த்ததும் "கிடைத்தவரை லாபம்" என்று தனித்தனியாகக் கையெழுத்துப் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அனுபவசாலிகள் இன்னும் 12(3), 18(1) என்று பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களைச் சொல்லித்தான் பேசுவார்கள். தொழிலாளர் துறைச் சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் ஒரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1), கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான். எது எது என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

ஸ்டிரைக் அடிப்படை உரிமை என்று மேடையில் பேசுவார்கள். சங்கம் அமைப்பது அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை, வேலைநிறுத்தம் அப்படி இல்லை. 2003-ல் தமிழக அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் ஒரே வீச்சில் டிஸ்மிஸ் ஆனார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்றுதான் தீர்ப்பு வந்தது. அங்கே முதலாளி அரசாங்கமே. புதிய சட்டத் தொகுப்பின்படி எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் கூடாது. "ஸ்டிரைக் இல்லை சார், எல்லோரும் கேஷுவல் லீவு" என்ற பழைய சாமர்த்தியமும் செல்லாது, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டால் அதுவே வேலைநிறுத்தம்தான். ஆத்திரத்தில் திடீரென்று மெஷினை நிறுத்துவது நிர்வாகத்துக்கு நீங்களே வழக்கை எழுதிக் கொடுப்பது.

அதன் விலை ஹரியானாவின் மானேசரில் மாருதி கார் ஆலையில் தெரிந்தது. 2011-ல் நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்றது நிர்வாகம். சட்டப்படியான வேலைநிறுத்தம் செய்தவரிடம் அப்படிக் கேட்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையே சொன்னது. "சட்டப்படியான" என்ற சொல்லைக் கவனியுங்கள், முன்னறிவிப்பு இல்லாவிட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த வருஷமே சங்கத் தலைவர்கள் உட்பட முப்பது பேர் பணம் வாங்கிக்கொண்டு விலகினார்கள். தொழிலாளிகள் சளைக்காமல் புதுச் சங்கம் கட்டினார்கள். 2012 ஜூலை 18 அன்று நடந்த வன்முறையில் மனிதவள மேலாளர் ஒருவர் இறந்தார். நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், 148 பேர் சிறை போனார்கள். 2017-ல் அவர்களில் 117 பேர் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பானது, 13 பேருக்கு ஆயுள் தண்டனை. குற்றமற்றவர்கள் என்று ஆனவர்களுக்கு உள்ளே போன வருஷங்கள் போனதுதான்.

'எக்சிக்யூட்டிவ்' என்று அடையாள அட்டை மாற்றிக் கொடுத்ததும் "நான் தொழிலாளி இல்லை" என்று ஒதுங்குவதும் வேண்டாம். பதவிப் பெயரையல்ல, செய்யும் வேலையைத்தான் நீதிமன்றம் பார்க்கும். ஐ.டி. கம்பெனிகளிலும் சங்கம் வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி தெரியும். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சங்கத்தில் சேர்ந்தான். மூன்றாவது வாரம் மெமோ வந்தது, "சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசினாய்" என்று. பொய்தானே என்று கோபத்தில் கிழித்துப் போட்டான். விளக்கம் கேட்டு வந்த ஷோகாஸ் நோட்டீசுக்கும் பதில் இல்லை, உள்விசாரணைக்கும் போகவில்லை. ஆள் வராமலே ஒருதலையாக விசாரணையை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். லேபர் கோர்ட்டில் அவனிடம் காட்ட ஒரு காகிதமும் இல்லை, எதிர்த்தரப்பிடம் ஒரு கட்டு இருந்தது. மெமோவை வாங்குங்கள், வாங்கிய தேதியை எழுதுங்கள், மூன்று வரியிலாவது மறுத்துப் பதில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், சீல் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதை வீட்டில் வையுங்கள், கம்பெனி லாக்கரில் அல்ல.