வேலையில் மனம் ஒட்டவில்லையா? நாம் செய்யும் சில தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனாலே நெஞ்சில் ஒரு கனம் ஏறிக்கொள்ளும். விடிந்தால் ஆபீஸ். இருபது வருடங்களுக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். அதில் முதல் ஏழெட்டு வருடங்கள் அந்தக் கனத்தோடுதான் கழிந்தன. அப்புறம், அதே கவுண்டரில் அதே வேலை எனக்குப் பிடித்துப்போனது. அதற்கு முன்னால் நான் செய்த தவறுகளையும், கூட இருந்தவர்கள் செய்யக் கண்ட தவறுகளையும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

‘எனக்கான வேலை’ என்று ஒன்று வேறெங்கோ இருக்கிறது, அது கிடைக்கும்வரை இதை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு. கல்லூரியில் வரலாறு நடத்த ஆசைப்பட்டவன், கவுண்டரை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிழற்குடை மாதிரி வைத்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருப்பவனுக்கு எதையும் கற்றுக்கொள்ளத் தோன்றாது. கற்றுக்கொள்ளாததால் வேலை தடுமாறும், சாயங்காலம் கேஷ் டேலி ஆகாது, எரிச்சல் வரும். வேலை மோசம் என்று முடிவு கட்டிவிடுவோம். பிடித்தால்தான் நன்றாகச் செய்ய முடியும் என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடந்தது. கை பழகிய பிறகுதான் பிடிப்பு வந்தது.

இதைவிடப் பெரிய தவறு, நம் வேலை யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்க்காமலே இருப்பது. அமெரிக்காவில் ஆடம் கிராண்ட் என்ற பேராசிரியர் செய்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் பழைய மாணவர்களைப் போனில் அழைத்து நன்கொடை கேட்பவர்களை வைத்துச் செய்தது. சலிப்பான வேலை, எதிர்முனையில் முக்கால்வாசிப் பேர் முகத்தில் அடித்த மாதிரி மறுப்பார்கள். போன் செய்பவர்களில் சிலரை மட்டும், அந்த நன்கொடைப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்த ஒரு மாணவரோடு ஐந்து நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் செலவிடும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. திரட்டிய பணம் இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தது. சம்பளமும் கூடவில்லை, வேலையும் மாறவில்லை.

எனக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு நவம்பர் மாதத்தில் கிடைத்தது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் வருடா வருடம் நவம்பரில் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். 2014-இல் ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் சான்று முறை வந்த பிறகு, விரல் ரேகை வைத்தால் போதும் என்றாகிவிட்டது. ரேகை இருப்பவர்களுக்கு அது சுலபம். அன்று வந்த பெரியவர் விரலை வைக்க வைக்க மெஷின் சிவப்பு விளக்கையே காட்டியது. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. வழக்கம்போல் “நாளைக்கு வாங்க” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் அவரே கையை விரித்துக் காட்டினார். “ரயில்வேல கேங்மேன் தம்பி. முப்பத்துநாலு வருஷம் ஜல்லி அள்ளின கை.” உள்ளங்கையும் விரல் நுனியும் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

ஈரத்துணி ஒன்றை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்து, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வைத்துப் பார்த்தோம். கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி விரல் இல்லை. இடது கை மோதிர விரலில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் கும்பிட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதுவரை என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் டோக்கன் நம்பர்தான்.

அன்றிலிருந்து நவம்பர் வந்தால் என் டிராயரில் ஒரு சின்ன டப்பாவில் ஈரத்துணி இருக்கும். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. இங்கேதான் அடுத்த தவறைச் சொல்ல வேண்டும். ‘என் வேலை இவ்வளவுதான்’ என்று காகிதத்தில் இருப்பதோடு நின்றுவிடுகிறோம். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி, 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே வேலையைச் சிலர் வெறும் துடைப்பதும் கழுவுவதுமாகப் பார்த்தார்கள். வேறு சிலர், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்து, நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் நாலு வார்த்தை பேசினார்கள். நினைவிழந்து கிடக்கும் நோயாளிகளின் அறையில் சுவரில் மாட்டிய படங்களை அவ்வப்போது இடம் மாற்றி வைத்த ஒரு பணியாளரைப் பற்றி ரெஸ்னெஸ்கி சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன மாற்றம் நோயாளிக்கு ஏதாவது நல்லது செய்யாதா என்ற எண்ணம்தான். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமையே எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பாதீர்கள். ஒரு வாரத்தில் களைத்துப்போவீர்கள். ஒன்றே ஒன்று போதும்.

நாள் முழுக்க ஓடிவிட்டு, ‘இன்றைக்கு என்ன செய்தேன்’ என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அதை அப்படியே விடுவதும் தவறுதான். தெரசா அமபிலே என்ற ஆய்வாளர் 7 நிறுவனங்களில் 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார். மனதுக்கு நிறைவான நாட்களில் அதிகம் தென்பட்டது, அர்த்தமுள்ள வேலையில் ஓர் அடியாவது முன்னேறியதுதான். நான் கிளம்பும் முன் சலான் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவேன். அவ்வளவுதான்.

கடைசியாக, ஒரு தவறு. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். அர்த்தம், நிறைவு என்று பேசிக்கொண்டே அநியாயத்தைச் சகித்துக்கொள்ளாதீர்கள். குறைந்த சம்பளத்தையும் முறையற்ற வேலை நேரத்தையும் மனசை மாற்றிக்கொண்டு சரிசெய்ய முடியாது. துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பெண்களுக்குத் தேவைப்பட்டது உற்சாகப் பேச்சு இல்லை, ஒரு நாற்காலி. அதற்குத் தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

என் சித்தி மகள் அப்படி ஒரு கடையில் ஆறு வருடம் நின்றவள். வாடிக்கையாளர்களுக்குப் புடவை விரித்துக் காட்டுவது அவளுக்கு உயிர். பார்டரைப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் விட்டுவிட்டாள். ‘பிடித்த வேலையை விடலாமா’ என்று எல்லோரும் கேட்டோம், நானும்தான். இப்போது தெருமுனையில் ஒரு சின்ன ஜவுளிக்கடையில், தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, அதே புடவைகளை விரித்துக் காட்டுகிறாள். அங்கே சேர்ந்த முதல் வாரம், ராத்திரி கால்களை வெந்நீரில் ஊறவைக்காமலே தூங்கினாளாம்.