சமூகவியல் பட்டமும் கல்விக் கடனும்: கணக்கு பிசகும் இடங்கள்

அமெரிக்காவில் சமூகவியல் படிக்கக் கடன் வாங்கப் போகிறவர்கள் கொண்டுவரும் கணக்குத் தாளில் கடன் பக்கம் ஓரளவு சரியாகவே இருக்கும். பிசகுவது சம்பளப் பக்கத்தில். 'தேவைக்கு மேல் வாங்காதே', 'உதவித்தொகைக்கு விண்ணப்பி' என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடலாம்.

சமூகவியலாளர் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது

வருடா வருடம் இதே தவறு, இதே எண். 'சமூகவியலாளர் சம்பளம்' என்று தேடினால் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் பக்கம் வரும். இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,300க்கு மேல். கடன் தவணை 350 என்றால் அது கொசுறு. அத்தோடு தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு விவரமும் இருக்கிறது: அந்த வேலைக்கு முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும். நாடு முழுக்க அந்தப் பதவியில் இருப்பவர்களே சில ஆயிரம் பேர்தான். ஒரே ஆண்டில் சமூகவியல் இளங்கலை முடித்து வெளியே வருகிறவர்கள் அதைப்போலப் பல மடங்கு. அவர்களுக்கு முதலில் கிடைப்பது கேஸ் மேனேஜர், தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளர், மனிதவளப் பிரிவு உதவியாளர், நன்னடத்தை அலுவலர் போன்ற வேலைகள். பட்டத்தின் பெயரும் பதவியின் பெயரும் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம் இது. பலரும் இதைக் கண்டுபிடிப்பது முதல் தவணை வரும் மாதத்தில்தான் என்பது எரிச்சலூட்டுகிறது.

சம்பள எண்ணை எடுக்க வேண்டிய இடம் அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' இணையதளம். கல்லூரியின் பெயரைத் தேடி, படிப்புப் பிரிவுகளுக்குள் போய், இளங்கலை, சமூகவியல் என்று தேர்ந்தெடுங்கள். முகப்பிலேயே தெரியும் சம்பளம் முழுக் கல்லூரிக்கானது. அதில் நர்சிங்கும் பொறியியலும் கலந்திருக்கும், அதைத் தொடாதீர்கள். 'சோஷியல் வொர்க்' (சமூகப்பணி) தனிப் பிரிவு, 'கிரிமினாலஜி' (குற்றவியல்) தனிப் பிரிவு, பார்த்து எடுங்கள். ஃபெடரல், அதாவது நடுவண் அரசின், நிதியுதவி பெற்றவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார்கள். துறை சிறியதாக இருந்தால் எண்ணே காட்டாது. அப்போது அதே மாநிலத்தில் அதே தரத்திலுள்ள இரண்டு மூன்று கல்லூரிகளின் எண்களைப் பாருங்கள். அங்கே தெரியும் கடன் தொகையில் தனியார் வங்கிக் கடன் சேராது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி தலைகீழாகப் போங்கள். அந்த எண் ஆண்டுக்கு 36,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் போவதற்கு முந்தைய சம்பளத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தவணை போகக் கூடாது என்றால் மாதம் 300 டாலர். 6.39% வட்டியில் பத்தாண்டில் அந்தத் தவணை அடைக்கக்கூடிய கடன் சுமார் 26,500. அந்தக் கல்லூரிக்காக வாங்க வேண்டிய மொத்தக் கடன் அதற்கு மேல் என்றால், பேச வேண்டியது கல்லூரியை மாற்றுவதைப் பற்றி.

வட்டி பட்டத்துக்குப் பிறகுதான் என்று நினைப்பது

பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு ஃபெடரல் கடன் வரம்பு முதலாண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு 7,500, 7,500. நான்காண்டில் 27,000. 'சப்சிடைஸ்டு' பகுதிக்குப் படிக்கும்வரை வட்டியை அரசு ஏற்கும். 'அன்சப்சிடைஸ்டு' பகுதிக்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். எல்லாமே இரண்டாம் வகை, 2025–26ன் 6.39% வட்டி என்றால், படிப்பும் பிறகு வரும் ஆறு மாத அவகாசமும் முடிவதற்குள் சுமார் 4,000 டாலர் வட்டி சேர்ந்திருக்கும். மேலே சொன்ன 350 டாலர் தவணை, இந்த 31,000ஐப் பத்தாண்டில் அடைப்பதற்குத்தான்.

பருவத்துக்கு 12 கிரெடிட் போதும் என்று இருந்துவிடுவது

கிரெடிட் என்பது பாடங்களை அளக்கும் அலகு. நிதியுதவி அலுவலகத்துக்கு 12 கிரெடிட் என்றால் முழுநேர மாணவர். பட்டத்துக்கு வேண்டியது வழக்கமாக 120. எட்டுப் பருவம் 12 எடுத்தால் 96தான் ஆகும். மிச்சத்துக்கு ஐந்தாம் ஆண்டு வேண்டும். பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு இளங்கலை ஃபெடரல் கடனின் மொத்த உச்சவரம்பு 31,000, அதில் 27,000 ஏற்கெனவே போய்விட்டது. மீதி 4,000. துண்டு விழுவதற்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டியிருக்கும். பருவத்துக்கு 15 எடுங்கள்.

சமூகவியலையும் சமூகப்பணியையும் ஒன்றாக நினைப்பது

மனநல ஆலோசனை தரும் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் ஆவதே ஆசை என்றால் முதுகலை சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., கட்டாயம். இளங்கலையில் சமூகப்பணி படித்தவர்களுக்குப் பல இடங்களில் அதை ஏறக்குறைய ஓராண்டில் முடிக்க வழி உண்டு. சமூகவியல் படித்தவர் இரண்டாண்டும் கட்ட வேண்டும். அந்த ஓராண்டுக் கட்டணத்தை 18 வயதில் தாளில் எழுதுகிறவர் அபூர்வம்.

நிதியில்லாத (கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராத) பிஎச்.டி. இடம்

ஏற்காதீர்கள்.

பெற்றோர் வாங்கும் கடனை விட்டுவிடுவது

பெற்றோர் பெயரில் ஃபெடரல் அரசு தரும் 'பேரன்ட் பிளஸ்' கடனுக்கு 2025–26ல் வட்டி 8.94%. குடும்பம் அடைக்கப் போகும் கடன்தானே, அதையும் தாளில் எழுதுங்கள்.

'பத்து வருஷத்தில் தள்ளுபடி ஆகிவிடும்' என்ற நம்பிக்கை

பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் உண்மையானது. சமூகவியல் படித்தவர்கள் போகும் அரசு, தொண்டு நிறுவன வேலைகளுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் தகுதியான 120 தவணைகள் வேண்டும், அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட இடத்தில் முழுநேர வேலையும் வேண்டும். அதன் பிறகு மிஞ்சும் கடன்தான் தள்ளுபடி ஆகும். பத்தாண்டு வழக்கமான தவணைத் திட்டத்திலேயே இருந்தால் 120வது தவணையில் கடனே தீர்ந்துவிடும், தள்ளுபடி செய்ய ஒன்றும் மிஞ்சாது. வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்தில் இருந்தால்தான் பயன். வட்டி குறைகிறதே என்று தனியார் வங்கிக்குக் கடனை மாற்றினால் அந்த வழி அன்றோடு மூடிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையும் வேலை மாறும்போதும் வேலைச் சான்றுப் படிவத்தை அனுப்பி, எத்தனை தவணை கணக்கில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூடப்பட்டுப்போன தொண்டு நிறுவனத்தில் பிறகு கையெழுத்துப் போட ஆள் இருக்காது.