மனநல டாக்டர் தூரத்துல இருந்தா ட்ரீட்மென்ட் விட்டுப்போகாம பார்த்துக்கறது எப்படி

அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டருங்க பெரும்பாலும் பெரிய நகரத்துலதான் இருக்காங்க, சின்ன ஊர்ல ஒருத்தர் கூட இருக்க மாட்டாரு. உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கணக்குப்படி ஏழை நாடுகள்ல ஒரு லட்சம் பேருக்கு மனநலப் பணியாளர் 2 பேர் கூட இல்ல, பணக்கார நாடுகள்ல 60க்கும் மேல, நர்ஸையும் சேர்த்துதான் இந்தக் கணக்கு. அதனால ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, அதுக்குள்ள நோய் முத்திடும்.

முதல்ல பக்கத்துல இருக்கற சாதாரண டாக்டர்கிட்டயே போங்க. மனச்சோர்வு, பதட்டத்துக்கெல்லாம் அவரே ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கலாம், பொது டாக்டருக்கும் நர்ஸுக்கும் இதுக்கு வழிகாட்டத்தான் 2008ல உலக சுகாதார நிறுவனம் ஒரு திட்டமே கொண்டுவந்துச்சு. ஆனா அங்க போயி வெறும் தலைவலி, அசதின்னு சொல்லிட்டு வந்துடாதீங்க, தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தன வாரமா இப்படி, சாகணும்னு தோணுதான்னு வாய்விட்டு சொல்லுங்க.

தூரத்து ஸ்பெஷலிஸ்ட பார்க்கப் போறப்ப பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு, கூடவே இருந்து பார்க்கறவங்க ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க. எந்த மாத்திரை, எத்தன மில்லிகிராம், எப்ப நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க, இத ஒரே பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, ஏன்னா அவருக்குக் கிடைக்கறது கொஞ்ச நேரந்தான். அங்கிருந்து கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஊர் டாக்டருக்கு ஒரு லெட்டர் கண்டிப்பா கேட்டு வாங்குங்க: இதே மாத்திரைய எத்தன மாசம் தொடரணும், எந்த அறிகுறி வந்தா திரும்ப வரணும், என்ன டெஸ்ட் எடுக்கணும். லித்தியம் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்க்குக் குடுக்கற மாத்திரை) சாப்பிடறவங்களுக்கு ரத்தத்துல அதோட அளவு பார்க்கணும், கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும், பக்கத்து லேப்ல இந்த டெஸ்ட் இருந்தா அதுக்காக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். அடுத்த விசிட்ட போன்லயோ வீடியோவுலயோ வச்சுக்கலாமான்னும் கேட்டுப் பாருங்க.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், முதல் வாரத்துலயே பிரயோஜனமில்லன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, அது ரொம்ப வருத்தமான விஷயம். திடீர்னு நிறுத்தாதீங்க, தீர்றதுக்கு பத்து நாள் முன்னாடியே அடுத்த ஸ்டாக் வாங்கிடுங்க.

பேசி ஆறுதலடையற சிகிச்சைக்கும் டாக்டர்தான் வேணும்னு இல்ல, ஜிம்பாப்வேல பயிற்சி குடுத்த பாட்டிங்களே பெஞ்சுல உக்காந்து இத செய்யறாங்க. பயிற்சி வாங்கின சுகாதாரப் பணியாளர் உங்க பக்கத்துல இருக்காங்களான்னு விசாரிங்க.

தற்கொலை எண்ணம் இருக்கறவங்கள மட்டும் தனியா விடாதீங்க, மனநல டாக்டர் இல்லாட்டியும் பரவால்ல, பக்கத்துல எந்த எமர்ஜென்சி இருக்கோ அங்க உடனே கூட்டிட்டுப் போங்க.