அந்த சாப்ட்வேர் கோடு யாருடையது? கம்பெனி தொடங்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாப்ட்வேர் கம்பெனி தொடங்க நினைக்கும் கல்லூரி மாணவர்களையும், வேலையை விட்டுவிட்டு வந்த இருபத்தைந்து வயதுக்காரர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். கோவைப் பக்கத்துக் கல்லூரி இன்குபேட்டர்களில் (புதுக் கம்பெனிகளுக்கு இடமும் உதவியும் தரும் மையங்களில்) உட்கார்ந்து அவர்களுடைய கணக்கையும் காகிதங்களையும் பார்த்துக் கொடுப்பது இப்போது என் வேலையில் ஒரு பகுதி. யோசனைகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முன்பு பில்லிங் ஆப், அப்புறம் உணவு டெலிவரி, இப்போது எதை எடுத்தாலும் ஏஐ. தவறுகள் மட்டும் மாறுவதில்லை. என் முதல் கம்பெனியில் நான் செய்தவற்றையே இவர்களும் செய்கிறார்கள்.

வாடிக்கையாளரிடம் பேசாமலே பொருளைத் தயாரிப்பது, எல்லாருக்கும் எல்லாமும் செய்து தர நினைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். தவறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே தெரிந்துவிடும். செய்யும்போது ஒரு வலியும் தராமல், நாலு வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிற தவறுகள் வேறு. இது அவற்றைப் பற்றியது.

படிப்பை விட்டால்தான் தொழில் என்று நினைப்பது

ஹார்வர்டை விட்டு வந்த மார்க் ஸக்கர்பெர்க்கைச் சொல்லாத மாணவர் இல்லை. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாப்ட்வேர் கம்பெனியின் கதையை அவர்கள் அவ்வளவு கவனிப்பதில்லை. கிரீஷ் மாத்ருபூதம் அதை 2010-ல் தொடங்கும்போது முப்பதைத் தாண்டியிருந்தார். ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்து, வாடிக்கையாளருக்கு எங்கே வலிக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு இறங்கினார். 2021 செப்டம்பரில் அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதுக் கம்பெனிகளை எடுத்து ஆராய்ந்தவர்கள், தொடங்கியபோது நிறுவனர்களின் சராசரி வயது 45 என்று கண்டிருக்கிறார்கள். இருபத்தோரு வயதில் தொடங்குவது தவறே இல்லை. ‘இப்போது விட்டால் எப்போதும் முடியாது’ என்ற பயத்தில் தொடங்குவதுதான் தவறு.

ஆளுக்குப் பாதி

நிறுவனர்கள் இருவர் என்றால் ஷேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான்கு வருட வெஸ்டிங் (ஷேர் ஒரேயடியாக இல்லாமல், கூட இருந்து வேலை பார்க்கும் காலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது) போட்டு, முதல் வருடம் முடியும் முன் போகிறவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறந்தவராக இருந்தாலும்.

எழுதிய கோடு கம்பெனியின் சொத்தாக இல்லாமல் இருப்பது

இந்த ஒன்றைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்லப்போகிறேன். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தவிர்க்க ஆகும் செலவு இரண்டு பக்கக் காகிதமும் ஒரு கையெழுத்தும்தான். தவறவிட்டால் கம்பெனியே போகலாம்.

எந்த டீம் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“இந்த ஆப்போட கோடு யாரோடது?”

“கம்பெனியோடதுதானுங்க சார்.”

“எழுதினது யாரு?”

“பாதி நானு, பாதி இவன். பேமென்ட் பக்கமெல்லாம் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் எழுதிக் குடுத்தாருங்க. அப்ப கம்பெனியே ரிஜிஸ்டர் பண்ணல.”

“அவர்கிட்ட எழுதி வாங்கியிருக்கீங்களா?”

“அவரு நம்ம ஆளுங்க சார்.”

நம்ம ஆள் என்பது சட்டத்துக்குத் தெரியாது. இந்தியாவில் இதைத் தீர்மானிப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கம்ப்யூட்டர் புரோகிராமையும் அது இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறது. எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை முதலாளிக்குப் போகும். பிரிவு 17 சொல்வது இது. ஃப்ரீலான்சர் அந்த வகையில் வரமாட்டார். அவருக்குப் பணம் கொடுத்ததற்கு இன்வாய்ஸ் இருக்கிறது, ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று காட்டுகிறார்கள். அதைக் காட்டி, பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி எங்களுக்கு உண்டு என்று வாதாடலாம். உரிமையாளர் ஆகிவிட முடியாது.

நிறுவனர்களே எழுதிய கோடும் இதில் தப்பாது. கம்பெனி பதிவாகும் முன் எழுதியது என்றால், அந்தத் தேதியில் கம்பெனி என்று ஒன்றே இல்லை. அது யாருக்கும் முதலாளியாக இருந்திருக்க முடியாது. ஆகவே அந்தக் கோடு தனித்தனி ஆட்களின் சொத்து. டைரக்டர் ஆனதாலோ ஷேர் வாங்கியதாலோ அது தானாகக் கம்பெனிக்கு மாறாது.

மாற்ற வேண்டுமானால் எழுத்தில், கையெழுத்தோடு மாற்ற வேண்டும். பிரிவு 19. அதிலும் சில குழிகள் உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்கு மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். நெட்டில் கிடைக்கும் அமெரிக்க டெம்ப்ளேட்டை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் டீம்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் வாடிக்கையாளர் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கோடு உரிமை இந்தியாவோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் முதல் கம்பெனி திருப்பூர் பனியன் தொழிலுக்கு ஜாப் ஒர்க் கணக்கு சாப்ட்வேர் செய்தது. நூல் நிட்டிங்குக்குப் போகும், துணியாகி டையிங்குக்குப் போகும், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொரு யூனிட்டாகச் சுற்றும். ஒவ்வோர் இடத்திலும் டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) போட வேண்டும். எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, நடுவில் குறைந்தது உண்மையான பிராசஸ் லாஸா அல்லது வேறு எதுவுமா என்று கணக்கு வைப்பதுதான் எங்கள் சாப்ட்வேரின் உயிர். அந்தப் பகுதியை எழுதியவர் என் வகுப்புத் தோழர். கம்பெனி பதிவு செய்யும் முன்பே எழுதி முடித்திருந்தார். கொஞ்ச காலம் எங்களோடு இருந்துவிட்டு, நல்ல வேலை கிடைத்து அமெரிக்கா போனார். சந்தோஷமாகத்தான் வழியனுப்பினோம். அப்போது ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தால் விமான நிலையத்திலேயே போட்டுக் கொடுத்திருப்பார். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சில வருடம் கழித்து எங்களை வாங்க ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தது. விலைகூடப் பேசியாயிற்று. அதன் பிறகு டியூ டிலிஜென்ஸ். நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார் இல்லையா, அதேதான். அவர்களுடைய வக்கீல் கிட் வரலாற்றை, அதாவது கோடை யார் எப்போது எழுதினார் என்ற பதிவை, தொடக்கத்திலிருந்து எடுத்து, எழுதியவர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டார். முதல் பக்கம் முழுக்க என் தோழரின் பெயர். இவர் யார், இவர் உரிமையை மாற்றிக் கொடுத்த பத்திரம் எங்கே என்று கேட்டார்கள்.

தோழரைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அங்கே ஒரு வக்கீலிடம் காட்டியிருக்கிறார். விலை பேசாமல் போட வேண்டாம் என்று அந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்த வக்கீல் சொன்னதில் தப்பில்லை. தோழர் மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. சட்டப்படி அது அவருடைய சொத்து. ஆனால் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நண்பர்களாக இருந்தவர்கள் வக்கீல் நோட்டீஸ் மொழியில் மெயில் அனுப்பிக்கொண்டோம். வாங்க வந்த நிறுவனம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஒரு சாப்ட்வேரை வாங்கிவிட்டது. அந்தப் பகுதியை நாங்கள் புதிதாக எழுதி முடிப்பதற்குள் எங்களிடம் இருந்த நல்ல ஆட்கள் போய்விட்டார்கள். அந்த வாய்ப்பு மறுபடி வரவே இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2011-ல் ஸ்டான்போர்டு மாணவர்கள் பிக்காபூ என்று ஓர் ஆப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு ஸ்னாப்சாட் ஆனது. மறைந்துபோகும் படம் என்ற யோசனையே என்னுடையது, என்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று அவர்களில் ஒருவரான ரெஜி பிரவுன் 2013-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் சமரசம். அதற்குக் கொடுத்த தொகை 15.75 கோடி டாலர் என்பது, கம்பெனி 2017-ல் பங்குச் சந்தைக்கு வரத் தாக்கல் செய்த ஆவணத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. நட்பு நன்றாக இருந்த முதல் மாதத்திலேயே யாருக்கு என்ன என்று எழுதிக்கொண்டிருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்குமா?

“ஃபண்டிங் வரும்போது பார்த்துக்கலாம்” என்று சொல்கிறவர்கள் மேல்தான் எனக்கு மிகுந்த எரிச்சல். இன்றைக்கு உங்கள் ஆப்புக்கு மதிப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் இன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். பணம் கண்ணில் பட்ட பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விலை உண்டு.

சரி, என்ன செய்வது? கம்பெனி பதிவாகி வந்த அதே வாரத்தில், அதுவரை எழுதிய எல்லாவற்றையும் கம்பெனிக்கு மாற்றி ஒவ்வொரு நிறுவனரும் கையெழுத்திட வேண்டும். உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதற்கும், ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டாலும் உரிமை போகாது என்று தெளிவாக எழுத வேண்டும். பதிலுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். முத்திரைத்தாள் எவ்வளவு என்பதை உள்ளூர் வக்கீல் சொல்வார். ஃப்ரீலான்சரிடம் முதல் தவணைப் பணம் போகும் முன்பே வாங்கிவிடுங்கள். லோகோ வரைந்த பெண்ணிடமும் வாங்குங்கள். சம்பளம் இல்லாமல் வந்த இன்டர்னிடம் கட்டாயம் வாங்குங்கள். சர்டிபிகேட் மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். சென்னையில் ஐடி கம்பெனியில் பகலில் வேலை, இரவில் சொந்த ஆப் என்று இருப்பவர்கள் தங்கள் ஆப்பர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே கம்பெனிக்கு என்ற வரி பல லெட்டர்களில் இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் எழுதினால் தகராறுக்கு நீங்களே சாட்சி தயார் செய்து வைக்கிறீர்கள் என்று பொருள். மாணவர்கள் கல்லூரியின் அறிவுசார் சொத்து விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல்லூரி ஆய்வகத்திலோ அரசு மானியத்திலோ நடந்த புராஜெக்ட் என்றால் கல்லூரிக்கும் அதில் உரிமை இருக்கலாம்.

டொமைன், கிளவுட், பிளே ஸ்டோர் அக்கவுன்ட்

கம்பெனி மெயிலில் திறக்கவும். யாருடைய சொந்த ஜிமெயிலிலும் வேண்டாம்.

பேங்கில் இருப்பதெல்லாம் நம் பணம் என்று நினைப்பது

ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் ஜிஎஸ்டியோடு 1,18,000 வரும். அந்த 18,000 உங்களுடையது அல்ல. ஊழியர் சம்பளத்தில் வருமான வரிக்காகப் பிடித்த டிடிஎஸ்ஸும் உங்களுடையது அல்ல; மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. ஒரு வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடிக்கும்போது இந்தப் பணத்தை எடுத்துச் சம்பளம் போட்டுச் சமாளித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அடுத்த மாதமும் அதுவே நடக்கும். வரிப் பணத்துக்கென்று தனியாக ஒரு கணக்குத் திறந்து, வந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை விற்கும் ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனிகள் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிக் கடிதம்) தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் வரியை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

விருது மேடை

ஒரு விருதுக்கு விண்ணப்பம் நிரப்பும் நேரத்தில் இரண்டு வாடிக்கையாளரைப் போய்ப் பார்த்துவிடலாம்.

ஓடாத கம்பெனியை அப்படியே விட்டுவிடுவது

மூன்றாம் வருடம் படிக்கும்போது தொடங்கிய கம்பெனி நின்றுபோகும். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்கும். வியாபாரம்தான் இல்லையே, என்ன ரிட்டர்ன் என்று விட்டுவிடுவார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் வரவு பூஜ்யமாக இருந்தாலும் வருடக் கணக்கும் வருடாந்திர ரிட்டர்னும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். உச்ச வரம்பு இல்லை. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால், கம்பெனிகள் சட்டம் பிரிவு 164-இன்படி அதன் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் மத்திய அரசு இப்படி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்களைப் பட்டியலிட்டது. அனுபவம் சேர்ந்து, முப்பது வயதில் நல்ல யோசனையோடு மறுபடி வரும் இளைஞர், இருபது வயதில் மூடாமல் விட்ட கம்பெனியால் டைரக்டராகவே ஆக முடியாமல் நிற்பதைப் பார்க்க மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

மூடுவதற்கு வழி இருக்கிறது. இரண்டு வருடமாக வியாபாரம் நடக்காத கம்பெனி, கடன்களைத் தீர்த்து, பேங்க் கணக்கை மூடி, வியாபாரம் நின்ற வருடம் வரையான ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்துவிட்டு எஸ்டிகே-2 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 10,000 ரூபாய், ஆடிட்டர் கட்டணம் தனி. அந்த இரண்டு வருடக் காத்திருப்பிலும் டைரக்டர்களின் கேஒய்சியையும் ரிட்டர்ன்களையும் விடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்து வேறு ஊருக்குப் போகிறவர், இதைக் கவனிக்க ஆடிட்டரிடம் பொறுப்பைக் கொடுத்து, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யாரிடம் இருக்கிறது என்றும் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.