மேசை மேல் ஓர் எஞ்சின்: இணையக் கூடுகைகளில் ட்யூனிங் கற்கும் முறை

இந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, தீப்பொறியை எப்போது விடுவது என்ற இரண்டையும் எஞ்சின் கணினி ஓயாமல் முடிவு செய்துகொண்டே இருக்கிறது. விடைகள் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த எண்களை எஞ்சினுக்கு ஏற்றபடி சரிசெய்வதே ட்யூனிங். தனியாகப் படித்துப் பல மாதம் குழம்பிய எனக்கு, வீடியோ அழைப்பில் கூடும் ஆர்வலர்களோடு உட்கார்ந்த பிறகுதான் இது பிடிபட்டது. ஆனால் அங்கே வெறுங்கையோடு போகாதீர்கள். எஞ்சின் ஓடும்போது சென்சார்கள் காட்டிய எண்கள் பதிவான லாக் கோப்போடு போங்கள்.

படி 1: காரைத் தொடாமல் தொடங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஸ்பீடுயினோ என்ற திறந்த மூலக் கணினியைப் பரிந்துரைக்கிறேன். அதன் மூளை ஆர்டுயினோ மெகா 2560 பலகை. ஸ்பீடிலோடர் மென்பொருள் மூலம் நிரலை அதில் ஏற்றிவிட்டு, மடிக்கணினியில் ட்யூனர்ஸ்டூடியோ என்ற ட்யூனிங் மென்பொருளைத் திறந்து இணையுங்கள். இலவசப் பதிப்பே போதும்.

இன்னொரு சிறிய ஆர்டுயினோவில் ஆர்டு-ஸ்டிம் நிரலை ஏற்றினால், அது சுழலும் எஞ்சினைப் போலவே சமிக்ஞை அனுப்பும். 36-1 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 36 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் ஒரு பல் மட்டும் இல்லை என்று பொருள். பல்லுக்குப் பல் 10 டிகிரி. அந்த ஒற்றை இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எங்கே நிற்கிறது என்று கணினி கண்டுகொள்கிறது. ட்யூனர்ஸ்டூடியோவிலும் அதே வடிவத்தைக் குறித்துவிடுங்கள். இரண்டு பலகைகளின் எர்த்தையும் ஒன்றாக இணைக்க மறக்க வேண்டாம். அது விட்டுப்போனால், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று திரையில் காட்டும் ஆர்.பி.எம். முள் அசையாது, அல்லது தாறுமாறாகத் துள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த முள் மெல்ல எழும்பும். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படி 2: அட்டவணையோடு பழகுங்கள்

எரிபொருள் அட்டவணையில் 16-க்கு 16, ஆக 256 கட்டங்கள். ஒரு பக்கம் ஆர்.பி.எம்., மறுபக்கம் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம். டர்போ இல்லாத எஞ்சின் ஐடிலில் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோபாஸ்கலில் நிற்கும். முழு ஆக்சிலேட்டரில் 100-ஐ நெருங்கும். கட்டத்தில் உள்ள எண், சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பதற்கான கணிப்பு.

படி 3: கூடுகையில் உட்காருங்கள்

முதல் இரண்டு கூட்டங்களில் கேட்பதே நல்லது. மூன்றாவதில் ட்யூன் கோப்பு, லாக் கோப்பு, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் அளவு, சென்சார் விவரம் ஆகியவற்றோடு கேளுங்கள். “கார் குலுங்குகிறது, ஏன்?” என்று நான் கேட்டபோது யாராலும் உதவ முடியவில்லை. லாக்கைத் திரையில் காட்டிய வாரம் ஐந்தே நிமிடத்தில் காரணம் தெரிந்தது.

நான் மறக்காத பாடம் வேறொருவருடைய லாக்கில் கிடைத்தது. ஐடிலில் காற்று-எரிபொருள் விகிதம் 17 என்று, அதாவது எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 17 பங்கு காற்று என்று, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் காட்டியது. பெட்ரோல் போதவில்லை என்று அவர் அட்டவணையின் எண்களைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். எஞ்சினோ கரும்புகை கக்கியது. மூத்த மெக்கானிக் ஒருவர், “சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாய் இணைப்பில் கரி படிந்திருக்கிறதா, பாருங்கள் தம்பி” என்றார். தம்பி கைப்பேசி விளக்கோடு காருக்கு அடியில் போனார். கேஸ்கெட்டைச் சுற்றி மைக்கோடு இழுத்ததுபோல் கரி. அந்தக் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே. அது எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டாலும் இதே பொய்தான் திரையில் வரும். அட்டவணையில் கைவைக்கும் முன் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: எரிபொருளைத் திருத்துங்கள்

இதற்கு, காற்று-எரிபொருள் விகிதத்தை எண்ணாக அளக்க உதவும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வேண்டும். பாஷ் எல்.எஸ்.யு. 4.9 பரவலாகப் பயன்படுகிறது. கணக்கு எளிது: பழைய எண்ணை, அளந்த விகிதத்தால் பெருக்கி, இலக்கு விகிதத்தால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 62, இலக்கு 14.7, அளந்தது 16 என்றால், புதிய எண் ஏறத்தாழ 67.5. பக்கத்துக் கட்டங்களையும் இதற்கு இசைவாகச் சரிசெய்யுங்கள். ஒரு கட்டம் மட்டும் மேடாக நின்றால் வண்டி அந்த இடத்தில் தடுமாறும். ட்யூனர்ஸ்டூடியோவின் கட்டணப் பதிப்பில் தானாகத் திருத்தும் வசதியும் உண்டு. பத்துக் கட்டங்களையாவது கையால் திருத்திய பிறகு அதற்குப் போங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டே மடிக்கணினியைத் தொடக் கூடாது. ஒருவர் ஓட்ட, மற்றவர் லாக் எடுக்கட்டும். சாலையில் ஓடும் காருக்குப் புகை விதிகள் உண்டு. பழகுவதற்குத் தனியிடத்தில் நிற்கும் பழைய வண்டியே ஏற்றது.

படி 5: தீப்பொறிக்கு அவசரம் வேண்டாம்

பெட்ரோல் சற்று அதிகமானால் புகை வரும். தீப்பொறி சில டிகிரி முந்தினால், பாரம் ஏறும்போது எஞ்சின் தட்டும். தட்டல் நீடித்தால் பிஸ்டன் உடையும். மென்பொருளில் தீப்பொறியை 10 டிகிரியில் நிலைநிறுத்தி, தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லியின் குறிமீது அடித்துப் பாருங்கள். அங்கும் 10 தெரிய வேண்டும். வேறு எண் தெரிந்தால் அட்டவணையில் உள்ள எல்லா எண்களும் அதே அளவுக்குத் தவறு. அதைச் சரிசெய்யாமல் அட்டவணையைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மாற்றத்துக்கு முன் எடுத்த லாக், பின் எடுத்த லாக் என இரண்டையும் அடுத்த கூடுகைக்குக் கொண்டு போங்கள்.